கேஸ்கெட்டின் சாட்சியம்: டீசல் எஞ்சின்களில் முன்கூட்டிய தேய்மானம் குறித்து

ரேடியேட்டரில் விடாமல் குமிழ் எழும்பினால் ‘ஹெட் கேஸ்கெட் போயிருச்சு’ என்பது பட்டறைத் தீர்ப்பு. காய்ச்சல் என்று சொல்கிற அளவுக்கு அது சரி. புதுக் கேஸ்கெட் போட்டு மூடிய எஞ்சின் சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி ஊதுகிறது. பிறகொரு நாள் லைனரும் பேரிங்கும் காலத்துக்கு முன்பே தேய்ந்தது தெரிகிறது. பில்லில் இவை தனித்தனிச் செலவுகள். பல வேளைகளில் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் வாதம்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் கோவை, திருப்பூர் ஆலைகள் பல ஜெனரேட்டரை நம்பித்தான் ஓடின. அப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புக் கூடியது. அதை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றினால் ஹெட்டின் நீர்வழிகளில் சுண்ணாம்பு படியும். படிந்த இடத்தில் சூடு வெளியேறாது; ஹெட் கோணும்; கேஸ்கெட்டின் மேல் அழுத்தம் அங்கே தளரும். அதே வெறுந்தண்ணீர் லைனரையும் விடுவதில்லை. பிஸ்டன் பக்கவாட்டில் மோதும்போதெல்லாம் லைனர் அதிர, அதன் வெளிச்சுவரில் ஆவிக்குமிழ்கள் பிறந்து உடைந்து இரும்பைக் கொத்துகின்றன. நைட்ரைட் கலந்த கூலன்ட் இருந்தால் சுவரில் ஒரு காப்புப் படலம் உருவாகும். இல்லையென்றால் ஊசித்துளை விழும், நீர் ஆயிலில் கலக்கும், பேரிங் போகும். ஹெட் ஒரு பில், லைனர் ஒரு பில். தண்ணீருக்கு மட்டும் பில்லே இல்லை.

குறைந்த சுமையும் அப்படித்தான். திறனில் 30 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் ஓடும் எஞ்சினில் ரிங்கைச் சுவரோடு அழுத்தப் போதிய வாயு அழுத்தம் இராது. ஆயில் மேலேறிக் கருகி, ஹோனிங் கோடுகளை அடைத்து, லைனரைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். ‘சும்மா ஓடுற வண்டி, தேயாது’ என்ற நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

காரணத்தைப் பிரித்தறிய உதவும் முதல் ஆவணம் பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போய்விடுகிறது: கழற்றிய கேஸ்கெட். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரு சிலிண்டர்களுக்கு நடுவிலுள்ள குறுகிய பாலத்தில் கரிக்கோடு ஓடியிருந்தால் வாயு அங்கே புகுந்திருக்கிறது. ஒரு சிலிண்டரைச் சுற்றி மட்டும் அச்சு மங்கலாக விழுந்திருந்தால் அந்த லைனர் இருக்கையில் அமிழ்ந்திருக்கலாம். பிளாக்கிலிருந்து லைனர் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளக்காமல் ஹெட்டை மூடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு மூடுவதுதான். பேச்சு இங்கே ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளைப் பற்றியது.

போல்ட் இறுக்கமும் ஏமாற்றும். டார்க் ரெஞ்சில் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மீதி உராய்வில் கரைகிறது. துருவேறிய மரையில் ரெஞ்ச் ‘சரி’ என்று சொல்லும், ஹெட் சரியாக அமர்ந்திராது.

ரிங்குகளும் பேசும். மேல் ரிங் அதிகம் தேய்ந்திருந்தால் தூசி காற்றுவழியே வந்திருக்கிறது: ஏர் ஃபில்டரையும் ஹோஸ் கிளாம்பையும் பார்க்க வேண்டும். ஆயில் ரிங் அதிகம் தேய்ந்திருந்தால் அழுக்கு ஆயிலில் இருக்கிறது. ஆயில் பரிசோதனையில் சிலிக்கானோடு இரும்பும் ஏறினால் தூசியைச் சந்தேகிக்கலாம். சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் கசிவை.

போலி உதிரிபாகங்களே காரணம் என்ற மறுப்பு எழும். போலிகள் சந்தையில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மட்டமான கேஸ்கெட் எங்கு வேண்டுமானாலும் ஊதக்கூடும். இரண்டு வெவ்வேறு கம்பெனிக் கேஸ்கெட்டுகள் அடுத்தடுத்து மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவில் அதே பாலத்திலேயே எரிந்தால், மூன்றாவது கேஸ்கெட்டுக்கு ஆர்டர் போடுமுன் ஹெட்டின் மேல் நேர்விளிம்புக் கோலை வைத்துப் பார்த்தாக வேண்டும்.