முன்னறிவும் மனித சித்தமும்: வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு பழைய வழக்கு

மாரி மழையை நம்பி விதைக்கும் உழவன், மழை பொய்த்த ஆண்டிலே விதியை நொந்துகொள்வான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வழியிலுள்ள விசுவமடுவிலும் இது வழக்கம். மேற்கே மன்னார்ப் பகுதியிலும் இது வழக்கம். ஆனால் அதே உழவன், அயலான் வேலியை அடையாது விட்டமையால் மாடு புகுந்து தன் பயிரை மேய்ந்துவிடுமாயின், அதனை விதியென்று விட்டுவிடுவதில்லை. அயலானிடம் நியாயம் கேட்கவே செல்வான். ஊழும் முயற்சியும் ஒரே மனத்தில் இவ்வாறு அருகருகே குடியிருக்கின்றன. திருவள்ளுவரும் ஊழுக்கு ஓரதிகாரமும், ஆள்வினையுடைமைக்கு வேறோரதிகாரமும் வகுத்தே சென்றார்.

கிறித்தவ சமயத்தில் இவ்வினா வேறு வடிவம் கொண்டது. அங்கே முற்பிறப்பின் வினை என்பது இல்லை. முக்காலமும் அறிந்த கடவுளே உளர். நாளை ஒருவன் பொய் சொல்லப்போவதை அவர் இன்றே அறிவாராயின், அவனுக்கு மெய் சொல்ல வழியுண்டோ? வழியில்லையெனின் அவனைத் தண்டிப்பது எங்ஙனம் நீதியாகும்? ஐரோப்பாவைப் பலமுறை பிளந்த இவ்வினா, இருநூறு ஆண்டுகளுக்குள் வெவ்வேறு கப்பல்களில் யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கியது. அது இங்கே ஏட்டளவில் நிற்கவில்லை; அரசாணைகளோடும் மக்களின் இடப்பெயர்வோடும் கலந்துவிட்டது.

முதலில் விடை கூற முயன்றவருள் 430ஆம் ஆண்டிலே மறைந்த புனித அகுஸ்தீனார் தலையாயவர். அறிதல் வேறு, செய்வித்தல் வேறு என்பது அவர் வாதம். அவருக்கு ஏறத்தாழ நூறாண்டு பிந்திய பொயித்தியசு, மரணதண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்துகொண்டு இதனை மேலும் ஆராய்ந்தார். கடவுளுக்கு நேற்றும் நாளையும் இல்லை. காலம் முழுவதும் ஒரே காட்சியாக அவர் முன்னே விரிந்து கிடக்கிறது என்பது அவர் முடிபு. குளக்கட்டின்மேல் நிற்பவன் கீழே வண்டி ஒன்று இடப்பக்கம் திரும்புவதைக் காண்கிறான். அவன் காண்பதனால் வண்டி திரும்பவில்லை. திரும்புவதனாலேயே அவன் காண்கிறான். இவ்விளக்கம் அழகியது. எனினும், கட்டின்மேல் நிற்பவனே வண்டியையும் வழியையும் வண்டிக்காரனையும் படைத்தவனாயிருந்தால் என் செய்வது என்ற ஐயம் எஞ்சவே செய்கிறது.

அவ்வையத்தைத் தீர்க்கச் சேசு சபையினரான மொலினா 1588இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்த மனிதன் எந்தச் சூழ்நிலையில் தன் சுயேச்சையாக எதனைத் தெரிந்துகொள்வான் என்பதையும் கடவுள் அறிவார். அவ்வறிவைக்கொண்டே உலகை நடத்துகிறார் என்றார் அவர். தோமினிக்கன் சபையார் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அருளின் ஆற்றல் மனிதனின் இசைவுக்குக் காத்திருப்பதாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். உரோமையில் பாப்பரசர் முன்னிலையில் பல ஆண்டுகள் நடந்த இவ்வழக்கு, 1607இல் தீர்ப்பின்றியே முடிந்தது. ஒரு சாராரை மற்றவர் பதிதர் என்று பழித்தலாகாது என்பது மட்டும் கட்டளையாயிற்று. அறிவாளிகள் தீர்க்க முடியாததைத் தீர்க்காமலே விட்டதும் ஓர் அறிவுடைமைதான்.

அவ்விவாதம் மூண்டிருந்த நாள்களில் உரோமையில் இறையியல் பயின்றவர்தாம் தத்துவபோதக சுவாமிகள் எனத் தமிழர் அறிந்த றொபேட் டி நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்த அவர், 1640களின் நடுப்பகுதியில் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலும் இருந்தார். மறுபிறப்பை மறுத்து ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்னும் நூலை எழுதியவர் அவர். பிறவியில் காணும் ஏற்றத்தாழ்வுக்கு முன்வினை காரணமன்று என்று கூறியவுடனே, பின் எது காரணம் என்ற வினா எழுதல் இயல்பே. இறைவன் திருவுளத்தையும் மனிதனின் சுயேச்சையையும் தமிழில் விளக்கவேண்டிய கடமை இவ்வாறு தமிழ்க் கிறித்தவ உரைநடைக்குத் தொடக்கத்திலேயே நேர்ந்தது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. அவர்தம் திருச்சபைக்கும் இவ்வினா புதியதன்று. யார் விசுவாசிப்பர் என்பதைக் கடவுள் முன்னறிந்து அவர்களைத் தெரிந்துகொண்டார் என்று ஆர்மீனியசு போதித்தார். அன்று, விசுவாசமே தெரிவின் பயன். அது தெரிவுக்குக் காரணமாகாது என்றனர் கல்வின் வழியினர். 1618, 1619ஆம் ஆண்டுகளில் டோர்ட் நகரில் கூடிய மாமன்றம் கல்வின் வழியினருக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆர்மீனியசு பக்கத்துப் போதகர்கள் பதவி இழந்தனர். அவர்களுக்கு ஆதரவாயிருந்த அரசியல் முதியவர் ஓல்டன்பார்னவெல்டு சிரச்சேதம் செய்யப்பட்டார். சட்ட அறிஞர் குரோசியசு சிறைப்பட்டு, பின்னர் நூற்பெட்டி ஒன்றினுள் மறைந்து தப்பினார். சித்தம் சுதந்திரமானதா என்ற விவாதத்தின் முடிவில் சிறையும் வாளும் வந்தமை வரலாற்றின் விந்தை.

டோர்ட் மாமன்றத்தின் தீர்மானத்தை ஏற்ற திருச்சபையே யாழ்ப்பாணத்துக்கு வந்தது. போதகர் பால்டேயசு தமிழ் கற்றார், போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்களைச் சீர்திருத்தினார், பள்ளிகளை நடத்தினார். அவர் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் கும்பனி ஆட்சியின் முறை வேறாயிருந்தது. பள்ளிக்கு வாராத பிள்ளைகளுக்காகத் தண்டம் அறவிடப்பட்டது. அரச உத்தியோகம் பெறவும், திருமணத்தைச் சட்டப்படி பதியவும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பது பெருங்குற்றமாயிற்று. விசுவாசம் மனிதன் தன் முயற்சியால் அடைவதன்று, கடவுள் மட்டுமே அளிக்கும் கொடை என்று போதித்த சபை, அதே விசுவாசத்தைத் தோம்பேட்டிலும் தண்டப்பணத்திலும் எதிர்பார்த்தது. இம்முரண்பாட்டைக் காண இறையியற் புலமை வேண்டியதில்லை. வீட்டிலே திருநீறும், கோயிற்பதிவிலே கிறித்தவப் பெயருமாக வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சைவர் அதனை நன்கறிந்திருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சி 1795இல் நீங்கியதும் அப்பதிவுக் கிறித்தவம் விரைந்து கரைந்தது.

கத்தோலிக்கருட் பலர் வேறு வழி தேடினர். மாந்தையிலிருந்த மாதா திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு, 1670ஆம் ஆண்டளவில் சில குடும்பங்கள் வன்னிக் காட்டினுள் மருதமடுவில் அடைக்கலம் புகுந்தன என்பது மரபு. இன்றைய மடுத் திருப்பதியின் தோற்றம் அதுவே. இறைவன் முன்னறிந்தாரா என்று அவர்கள் வாதிட்டதாகச் சான்றில்லை. ஊரையும் தோட்டத்தையும் விட்டுக் காட்டைத் தெரிந்துகொண்டார்கள். மனித சித்தம் பற்றிய அவர்களின் கருத்து அச்செயலிலே இருக்கிறது. 1687இல் கோவையிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து, குருவற்றிருந்த இம்மக்களைத் தேடி அலைந்தார்.

ஆங்கிலேயர் காலத்தில் இவ்வழக்கின் இரு கட்சியாரும் ஒரே குடாநாட்டில் அயலவராயினர். 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனார் ஆர்மீனியசு வழியினர். அருள் எல்லார்க்கும் பொது, அதனை ஏற்கவும் மறுக்கவும் மனிதனால் இயலும் என்பவர். 1816இல் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்ட அமெரிக்க மிஷனார் கல்வின் மரபில் வளர்ந்தவர். இங்கிலாந்திலே இதே வேற்றுமை காரணமாக யோன் வெஸ்லியும் யோர்ச் வைற்பீல்டும் 1740ஆம் ஆண்டளவில் பிரிந்தனர். ஆயினும் வைற்பீல்டு 1770இல் மறைந்தபோது, அவர் விரும்பியபடியே நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். யாழ்ப்பாணத்தில் இப்பிரிவு பெரும்பகையாகவில்லை. ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டனர், கூடிச் செபித்தனர், வேதாகம மொழிபெயர்ப்புக்கு ஒருமித்து உழைத்தனர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார்க்கு அப்பணியில் துணைநின்றவர், பின்னாளில் சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர் என்பதை நேயர் அறிவர். அரசு எப்பக்கத்துக்கும் தண்டம் அறவிடாதபோது, இரு கோட்பாடுகளும் ஒரே தெருவில் வாழ இடமிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுத்த சொற்களும் கருதத்தக்கன. பெருவழக்காயுள்ள தமிழ் வேதாகமத்தில், உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் முன்னறிதல், முன்குறித்தல் என இரு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. விதி, ஊழ் என்னும் பழஞ்சொற்கள் கையருகே இருந்தும் அவை எடுத்தாளப்படவில்லை. ஊழ் வினைப்பயனாய் வந்து சேர்வது, அதற்கு முகமில்லை. முன்குறித்தலுக்கோ குறிப்பவர் ஒருவர் வேண்டும். இவ்வேறுபாட்டை அச்சொற்கள் காத்தன. அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன், 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பொறுப்பேற்றார். கிறித்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பதை ஒப்பிட்டு அவர் 1964இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். அருளா முயற்சியா என்ற வினா தமிழர்க்குப் புதிதன்று. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதையும், குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதையும் உவமை காட்டி வைணவப் பெரியோர் வாதிட்டதும் இதனையே.

டோர்ட் மாமன்றத்தார் உட்பட இக்கட்சியார் அனைவரும் ஒப்பிய இடம் ஒன்றுண்டு: கடவுள் முன்னறிந்தார் என்பது தீமை செய்தவன் கையைத் தூய்மையாக்காது. வன்னிக்கு இது வெறுந்தர்க்கமன்று. 1999 நவம்பர் 20இல், போருக்கு அஞ்சி மடு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் எறிகணைகள் வீழ்ந்தன. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்பிரலில் திருச்சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. அவ்வாண்டு ஒகஸ்தில் திரும்பியது. 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் யோசவ் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்து, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.