ஜானர், ஜாதி, திணை
மாணவரின் இசைக்காணொளி ஆய்வேடுகளில் மெட்டின் பிரிவை மட்டும் குறிக்குமாறு சுருங்கிவிட்ட ‘ஜானர்’, பிறப்பு, குலம் எனப் பொருள்படும் இலத்தீன் ‘ஜீனஸ்’ பிரெஞ்சு வழியே அடைந்த வடிவமாகும். அதற்கு வேருறவுடைய வடமொழி ‘ஜாதி’யும் பரதரின் நாட்டிய சாத்திரத்தில் இசைவகையையே குறித்தது, ஜாதிகளிலிருந்து கிளைத்த கிராம ராகங்கள் ஏழின் சுரக்கோவைகள், கீரனூருக்குத் தென்மேற்கே குடுமியான்மலைப் பாறையில் ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டன. ‘ஜானரு’க்கு ஈடாக இன்று வழங்கும் ‘வகைமை’, ‘வகு’ என்னும் வினையடியாகப் பிறந்தமையால் பிரிவோடு நின்றுவிடுகிறது. தொல்காப்பியத் ‘திணை’யோ நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள், மரம், பறை, தொழில் முதலாய கருப்பொருள், உணர்வாகிய உரிப்பொருள் ஆகியன தம்முள் இயையும் மரபையும் உள்ளடக்கியது, ஆதலால் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலை (2021) ராப் என்று பெயரிட்டு விடாமல், அதன் மண், ஒப்பாரி, மூதாதையர் நினைவு ஆகியவற்றை ஒருங்கே ஆராய்வதற்கு இச்சொல்லே தக்கது.