கல்வெட்டைப் படியெடுக்கும் கல்வி

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன. அக்குன்றிலுள்ள சிறு கல்வெட்டொன்று, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்றதைக் கூறி, அவ்விடத்தை அவருடைய நிசீதிகை என்று குறிக்கின்றது. அந்த நோன்பின் நாட்கணக்கைத் தாங்கி நிற்பவை ஒருசில எழுத்துகளே. அவை சிதைந்தால் ஒரு முனிவரின் தவத்திற்குரிய சான்றும் சிதையும்.

இத்தகைய எழுத்துகளைப் படித்தறிந்த வரலாறு பெரும்பாலும் மலைகளில் நிகழ்ந்த வரலாறாகும். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். எழுத்து பிராமி என்பது தெரிந்தபோதும், மொழி எது என்பது நெடுங்காலம் தெளிவுபடவில்லை. தமிழுக்கே சிறப்பாக உரிய ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் இக்குகைக் கல்வெட்டுகளில் இருப்பதை அடையாளங்கண்டு, இவற்றின் மொழி தமிழே என்று 1924இல் நிறுவியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். பின்னர் ஐராவதம் மகாதேவன் 1960களில் மலைமலையாகச் சென்று, முன்னோர் எடுத்த படிகளைக் கல்லோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். கரூர்ப் பகுதியில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் செங்காயபன் என்னும் சமண முனிவருக்குச் சேர மரபினர் உறையுள் அளித்த செய்தி, ஏறத்தாழ ஒரே வாசகமாக இருமுறை பொறிக்கப்பட்டுள்ளது. ஒன்றில் மங்கியதை மற்றொன்றின் துணைகொண்டு தெளிய இவ்வமைப்பு உதவியது.

களத்தில் செய்ய வேண்டுவன

களப்பணியின் முதற்படி பார்த்தலே. குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டப்பட்ட காடியின் மேலோ கீழோதான் பழைய எழுத்துகள் பெரும்பாலும் காணப்படும். கற்படுக்கைகளின் தலைமாட்டிலும் சில இருக்கும். உச்சி வெயிலில் கண்ணுக்குத் தோன்றாத கீறல், காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியில் நிழல் பெற்றுத் தெளிவாகும்.

அடுத்தது பதிவு. ஊர், குன்று, குகை நோக்கும் திசை, தரையிலிருந்து எழுத்துள்ள உயரம், வரியின் நீளம், எழுத்தின் அளவு ஆகியவற்றை அவ்விடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து, நேர் எதிரில் நின்று நிழற்படம் எடுத்தல் வேண்டும்.

மைப்படி எடுத்தல் தனிக்கலை. கல்லை மெல்லிய தூரிகையாலும் நீராலும் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் தாளைப் படிய வைப்பர். ஈரம் சற்று உலர்ந்ததும் துணிப்பொதியால் மையை மெல்ல ஒற்றுவர். மேற்பரப்பு கறுக்கும், குழிந்த எழுத்துகள் வெண்மையாகவே நிற்கும். உரிய துறையின் இசைவும் பயிற்சியும் உடையோரே இதனைச் செய்தல் முறை.

எழுத்து தெரிவதற்காகக் குழிகளில் சுண்ணக்கட்டியோ வண்ணமோ நிரப்புவது பெரும்பிழை. அப்போது படத்தில் பதிவது கல்லில் உள்ள எழுத்தன்று. நிரப்பியவர் உள்ளதாக எண்ணிய எழுத்தே. பாறையின் வெடிப்பு ஒரு கோடாக மாறும், புள்ளி ஒன்று மறையும், பெயரே வேறாகிவிடும். ஐயமுள்ள எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுவதும், சிதைந்த இடத்தைப் புள்ளிகளால் காட்டுவதும் இதனால்தான். தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைப்பது இக்கல்வியின் அறம்.

திருப்பணியும் பாதுகாப்பும்

இன்று கல்வெட்டுகளுக்கு நேரும் கேடு பகைவரால் மட்டும் வருவதன்று. பக்தியுடன் செய்யும் திருப்பணியாலும் வருகின்றது. ஜினாலயத்தின் அடித்தளத்தில் ஓடும் எழுத்து வரிகள் சிமெண்டுப் பூச்சினுள் மறைகின்றன. தரையோடுகள் படிக்கற்களை மூடுகின்றன. மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்யும்போது எழுத்தின் விளிம்புகள் தேய்கின்றன. தானம் அளித்த முன்னோரின் பெயரைப் புதிய கொடையாளரின் பணியே மறைத்துவிடுதல் தகுமோ?

திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு கல்லையும் நிழற்படம் எடுத்து, அது இருந்த இடத்தையும் எழுதிவைத்தல் எந்த ஊராருக்கும் இயலும். பிரித்தெடுக்கும் கற்களுக்கு வரிசை எண் இட்டால், மீண்டும் அடுக்கும்போது வரி மாறாது. எழுத்துடைய கல் புதிதாகக் கிடைத்தால், அதனை நகர்த்தாமல் தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தல் கடமை. கல் இருந்த இடமும் அதன் செய்தியின் ஒரு பகுதியாகும்.

திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சி பாழி அளித்ததைக் கூறும் கல்வெட்டு வெளிப்பட்டது 1981இல்தான். நம் ஊர்க் குன்றுகளில் இன்னும் படிக்கப்படாத வரிகள் இருத்தல் கூடும். விடுமுறையில் மலைத்தலங்களை வழிபடச் செல்லும் குடும்பத்தினர், பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேடும் அளவுநாடாவும் கொடுத்து அழைத்துச் செல்வார்களாக. நம் முன்னோர் கல்லில் விட்டுச்சென்றதைச் சிதையாமல் அடுத்த தலைமுறைக்கு அளிப்பதும் ஞானதானமே.