தமிழ்ப்பள்ளியில் வழிகாட்டி, ஆலோசகத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

பல தமிழ்ப்பள்ளிகளில் வழிகாட்டி, ஆலோசகப் பிரிவின் ஆண்டுத் திட்டம் என்றால் கோப்பில் நான்கைந்து வரிகள் இருக்கும். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தன்முனைப்பு முகாம், போதைப்பொருள் ஒழிப்பு வாரம், பகடிவதை எதிர்ப்புக் கண்காட்சி, தொழில் அறிமுக நாள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்து செய்யப்பட்டது. அந்தத் தேர்வை மனத்தில் வைத்து உருவான முகாம் மட்டும் பெயர் மாறி இன்னும் நடக்கிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், அழுகிறார்கள், பெற்றோர் காலில் விழுகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்களிடம் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

திட்டத்தின் எல்லையைக் கல்வி அமைச்சு ஏற்கெனவே வகுத்துக் கொடுத்திருக்கிறது. மாணவரின் ஆளுமை வளர்ச்சி, சுயக் கட்டொழுங்கு, தொழில் வழிகாட்டல், மனநலமும் சமூக நலமும் என நான்கு கூறுகள். நான்கையும் தொட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நான்குக்கும் சமமாக நேரம் ஒதுக்குவது சிறிய பள்ளிக்கு ஆகாத காரியம். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகள். முழுநேர வழிகாட்டி ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே கிடைப்பதால், தோட்டப் பள்ளிகளில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் வகுப்பாசிரியர் ஒருவரின் தலையில் வந்து விழுகிறது. கணிதமும் அவர்தான், பந்து விளையாட்டுப் பயிற்சியும் அவர்தான். அவருக்கு வாரத்தில் கிடைப்பது ஒன்றிரண்டு பாடவேளை. அதை எதில் செலவிடுவது என்பதுதான் திட்டத்தின் முதல் கேள்வி.

பதில் பள்ளியிலேயே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது வருகைப் பதிவேடு. எந்தப் பிள்ளை திங்கட்கிழமைகளில் வருவதில்லை? எந்தக் குடும்பத்தில் அண்ணன், தங்கை இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்கிறார்கள்? வேன் கட்டணம் கட்டாததாலா, அம்மா இரவு வேலை முடிந்து தூங்குவதாலா, தாத்தா பாட்டி வீட்டில் விடப்பட்டதாலா? பதிவேட்டுக்குப் பிறகு சிற்றுண்டிச்சாலை. ஓய்வு வேளையில் தனியாக உட்காரும் பிள்ளை, எதுவும் வாங்காமல் தண்ணீர் மட்டும் குடிக்கும் பிள்ளை, இவர்களை அங்கே வேலை செய்யும் அக்காவுக்கு ஆசிரியர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். காவலரும் வேன் ஓட்டுநரும் அப்படித்தான்.

நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஒரு பக்கக் கேள்வித்தாள் கொடுக்கலாம். “உனக்குப் பிரச்சினை உண்டா?” என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். “பள்ளியில் எந்த இடத்துக்குப் போகப் பிடிக்காது?”, “மனம் கஷ்டமாக இருந்தால் யாரிடம் சொல்வாய்?”, “அடுத்த ஆண்டை நினைத்தால் எது பயமாக இருக்கிறது?” என்ற மூன்று கேள்விகள் போதும். முதல் கேள்விக்குப் பலர் கழிவறை என்று எழுதினால் பகடிவதை எங்கே நடக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு யாரும் இல்லை என்று எழுதிய பிள்ளைகளின் பெயர்தான் அந்த ஆண்டின் முதல் பட்டியல்.

மூன்றாவது கேள்விக்கு ஆறாம் ஆண்டு மாணவர்களிடமிருந்து வரும் பதில் இடைநிலைப்பள்ளியைப் பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 20 பேர் படித்த வகுப்பிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பள்ளிக்குப் போகிறார்கள். பெரும்பாலான பாடங்கள் தேசிய மொழிக்கு மாறுகின்றன. மலாய்மொழியில் போதிய அடைவுநிலை இல்லாதவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் புதுமுக வகுப்பில் ஓராண்டு படிக்க வேண்டும். இதனால் எஸ்.பி.எம். தேர்வை அவர்கள் 18 வயதில்தான் எழுதுவார்கள். பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம் 13 வயதிலேயே வந்துவிடுகிறது. மொழியைச் சரிசெய்யத்தான் அந்த ஓராண்டு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அதைத் தண்டனையாகத்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். கேலி செய்யும் மூத்த மாணவர்களும், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று தோளில் கை போடும் கும்பல்காரர்களும் காத்திருப்பது இந்த இடத்தில்தான்.

ஆகவே ஆள்பலம் குறைந்த பள்ளி ஒரே ஒரு திட்டத்தை உருப்படியாகச் செய்ய முடியும் என்றால், அது இந்தப் பாலமாக இருக்கட்டும். ஆறாம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கலாம். பிள்ளைகள் சேரப்போகும் இடைநிலைப்பள்ளிக்கு ஒரு நாள் அழைத்துப் போய், கழிவறை, சிற்றுண்டிச்சாலை, பேருந்து நிற்கும் இடம், ஆலோசக ஆசிரியரின் அறை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். முதலாம், இரண்டாம் படிவத்தில் படிக்கும் முன்னாள் மாணவர்கள் சிலரை அழைத்து, ஆசிரியர் இல்லாத அரைமணி நேரம் பேசவிடலாம். பேச்சாளருக்குக் கொடுக்கும் பணத்தைவிட இதற்கு ஆகும் நெஸ்லோ, பிஸ்கட் செலவு மிகக் குறைவு. ஆசிரியரிடம் அனுமதி கேட்பது, பாடம் புரியவில்லை என்று சொல்வது, யாராவது பணம் பறித்தால் புகார் கொடுப்பது, இவற்றை மலாய்மொழியில் நடித்துப் பழக வாரம் 20 நிமிடம் போதும்.

அதன் பிறகுதான் பலரும் விட்டுவிடும் பகுதி வருகிறது. கூடுதல் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி, பெற்றோரின் சம்மதத்தோடு, இடைநிலைப்பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். புதிய பள்ளியில் முதல் மாதமும் மூன்றாம் மாதமும் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பள்ளிக்குப் போகிறானா என்ற ஒரு கேள்வி போதும்.

அறை விஷயமும் முக்கியம். தவறு செய்தவனை “ஆலோசக அறைக்குப் போ” என்று அனுப்பும் பள்ளியில் வேறு யாரும் அந்தக் கதவைத் தட்ட மாட்டார்கள். கட்டொழுங்கு ஆசிரியரும் வழிகாட்டி ஆசிரியரும் ஒரே ஆளாக இருப்பதைத் தலைமையாசிரியர் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தனி அறை இல்லாவிட்டால் நூலகத்தின் ஒரு மூலையும் உதவும். வெளியிலிருந்து பார்க்க முடிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது.

பொறுப்பாசிரியர் தம் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரே ஆலோசகர் என்று தொழில் நடத்த முடியும். மற்ற ஆசிரியர் வழிகாட்டலாம், கேட்கலாம், உரியவரிடம் அனுப்பலாம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, சாக வேண்டும் என்று பேசும் பிள்ளை ஆகியோரை அன்றே பெற்றோர், மாவட்டக் கல்வி இலாகா, மருத்துவமனை என மேலே கொண்டுபோக வேண்டும். யார் யாரை அழைப்பது என்பது திட்டத்தில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பாலியல் கொடுமையில் ரகசியம் காப்பதாக எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, அத்தகைய குற்றத்தை அறிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. பள்ளியின் பெயர் கெடும், குடும்ப மானம் போகும் என்ற பேச்சு நம் சமூகத்தில் எழத்தான் செய்யும். சட்டத்தில் அதற்கு இடமில்லை. போலீசிலோ ‘தாலியான் காசே’ 15999 எண்ணிலோ தகவல் தரலாம்.

தொழில் வழிகாட்டலைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். டாக்டர், வழக்கறிஞர் உடை போட்டு நிற்கும் நாள் படத்துக்கு அழகாக இருக்கும். அதோடு, அதே தோட்டத்தில் வளர்ந்து மின்பணியாளராகவோ தாதியாகவோ கனரக வாகனப் பழுதுபார்ப்பவராகவோ இருக்கும் இரண்டு பேரை அழைத்துவர வேண்டும். தொழிற்கல்லூரி, கியாட்மாரா போன்ற வழிகளும் உண்டு என்று பெற்றோர் ஐந்தாம், ஆறாம் ஆண்டிலேயே கேட்டுவைப்பது நல்லது.

பெற்றோர் வருவதில்லை என்ற குறை எல்லாப் பள்ளியிலும் உண்டு. விடியற்காலை பெரட்டுக்குப் போகும் தாயை, சிப்ட் வேலை பார்க்கும் தந்தையை, புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டத்துக்கு அழைத்தால் எப்படி வருவார்கள்? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்திலோ தோட்டப் பாலர் பள்ளியிலோ, ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். கடிதம் தமிழில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரையும் குறிப்பிட்டுக் குறை சொல்லக் கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் வேன் கட்டணம், காலை உணவு, சுற்றுலாப் பேருந்து வாடகை ஆகியவற்றை ஏற்றுக்கொண்டால் வழிகாட்டி ஆசிரியரின் பாதிச் சுமை குறையும்.

ஆண்டு இறுதி அறிக்கையில் எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை படங்கள் என்று எண்ணுவது வழக்கம். அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எண்களை எழுதலாம். திங்கட்கிழமை வராத பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது வருகிறார்கள்? சொல்வதற்கு யாரும் இல்லை என்று எழுதியவர்களில் எத்தனை பேர் இந்த முறை ஒரு பெயரை எழுதியிருக்கிறார்கள்? சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இடைநிலைப்பள்ளியில் இருக்கிறார்கள்? மூன்றாவது எண் கையில் இல்லாத பள்ளி, அடுத்த ஆண்டுத் திட்டத்தை எழுதும் முன் அந்த வீடுகளுக்கு அழைத்துக் கேட்டுவிடலாம்.