டச்சு கூட்டுப்பெயர்களில் அசைபிரிப்பும் அழுத்தமும்

டச்சு மொழியில் இரண்டு அல்லது மேற்பட்ட சொற்கள் சேர்ந்து உருவாகும் கூட்டுப்பெயர்கள், பொதுவாக இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதப்படுகின்றன. சொற்கள் இணையும் இடத்தைப் பேச்சில் அசையும் அழுத்தமும் உணர்த்தும். எழுத்தில் அது மறைந்துவிடும். அந்த இடத்தை எழுத்தில் எவ்வாறு காட்டுவது என்பது 19ஆம் நூற்றாண்டு முதல் டச்சு எழுத்துச் சீர்திருத்தங்களில் மீண்டும் மீண்டும் எழுந்த கேள்வியாகும்.

அசையும் அழுத்தமும்

தனிச்சொல்லில் இரு உயிர்களுக்கிடையே வரும் ஒற்றை மெய் அடுத்த அசையுடன் சேரும். கூட்டுப்பெயரிலோ இணைப்பிடத்தில்தான் சொல்லைப் பிரிக்க வேண்டும். 'ஹொய்ஸ்' (வீடு), 'ஆர்ட்ஸ்' (மருத்துவர்) இரண்டும் சேர்ந்தால் குடும்ப மருத்துவர். வரியின் இறுதியில் இச்சொல் 'ஹொய்ஸ்-ஆர்ட்ஸ்' என்றே பிரிக்கப்படும்.

முதன்மை அழுத்தம் பெரும்பாலும் முதற்சொல்லில் விழும். நகர மன்றத்தைக் குறிக்கும் 'ஸ்டாட்ஹொய்ஸ்' இதற்கு விலக்கு. அதில் பிற்பகுதியே அழுத்தம் பெறும்.

பிரிப்பு மாறினால் பொருளும் மாறும். 'மஸ்ஸா' (மக்கள் திரள்), 'கெபெட்' (இறைவேண்டல்) எனப் பிரித்தால் கூட்டு வழிபாடு. அழுத்தம் முதல் அசையில். அதே எழுத்துகளை 'மஸ்ஸாஜெ' (உடற்பிடிப்பு), 'பெட்' (கட்டில்) எனப் பிரித்தால் உடற்பிடிப்புக் கட்டில். அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும்.

எழுத்து விதிகளின் வரலாறு

டி விரீஸ், தெ விங்கெல் ஆகியோர் 1860களில் வகுத்த எழுத்துமுறையை பெல்ஜியம் 1864இலும் நெதர்லாந்து 1883இலும் ஏற்றன. பின்னர் 1954இல் 'பச்சை நூல்' எனப்படும் அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் வெளியானது. முதற்சொல் கட்டாயமாகப் பன்மைப் பொருள் தந்தால் இணைப்பில் 'ன்' எழுதுக என்றது அதன் விதி. எது பன்மை என்பதில் குழப்பம் நீடித்தது.

1995ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பொருளை விட்டுப் பன்மை விகுதியை அடிப்படையாகக் கொண்டது. தோசை போன்ற இனிப்புப் பண்டமான 'பன்னெகூக்' அதனால் எழுத்தில் 'பன்னென்கூக்' ஆயிற்று. பலரது உச்சரிப்பு மாறவில்லை. 'சே' (கடல்), 'ஏன்ட்' (வாத்து) இணையும்போது ஒரே உயிரெழுத்து நான்கு முறை தொடர்ந்து வரும். முன்பு எழுத்தின்மேல் இரு புள்ளிகள் இட்டு இணைப்பிடத்தைக் காட்டினர். 1995 முதல் இணைப்புக்கோடு இடுகின்றனர். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஏற்காத சில நெதர்லாந்து ஊடகங்கள், 2006இல் வெளியான 'வெள்ளை நூலை'ப் பின்பற்றின.

தமிழில்

யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. தமிழில் வழங்கும் 'கக்கூசு' என்னும் சொல் டச்சு மொழியின் 'கக்' (மலம்), 'ஹொய்ஸ்' (வீடு) என்ற கூட்டுப்பெயரிலிருந்து வந்தது. தமிழில் ஹகர ஒலி மறைந்து, சொல் கக்-கூ-சு என மூன்று அசைகளாயிற்று. இணைப்பிடம் மறைந்ததால், அது இரு சொற்களின் சேர்க்கை என்பது தமிழ் பேசுவோருக்குத் தோன்றுவதில்லை.