வீட்டு வாசல்ல ஒரு உலகப்போர் ஜீப்: முதல்ல நிக்க வைங்க, அப்புறம் ஓட்டலாம்!

தோட்டத்து ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி ஒரு பழைய வில்லிஸ் ஜீப் கிடக்குதுன்னு யாராவது சொன்னா, மனசு உடனே பச்சை பெயின்ட் அடிச்சு, வெள்ளை ஸ்டார் போட்டு, ஊட்டி மலைப்பாதையில் ஏறிடும். அங்கேதான் சிக்கல். பெயின்ட்டை நினைச்சு ஆரம்பிக்கிற வண்டி, பாதி சாக்கு மூட்டையிலும் பாதி செங்கல் மேலும் நின்னுபோக வாய்ப்பு அதிகம். பணத்தைவிட, வேலையைச் செய்யும் வரிசைதான் இதை முடிவுசெய்யும். பேப்பர், பிரேக், இன்ஜின், பாடி, கடைசியில் பெயின்ட். இந்த வரிசையை மாத்தாதீங்க.

ஜீப், ஒரு டிரக்!

அமெரிக்க ராணுவத்தின் பதிவேட்டில் ஜீப்பின் பெயர் ‘கால் டன் டிரக்’. 1940-ல் ராணுவம் கேட்டபோது முதலில் மாதிரி வண்டி செய்து கொடுத்தது பான்டம் என்ற சின்ன நிறுவனம். பிறகு பெரிய அளவில் தயாரித்தவை வில்லிஸும் ஃபோர்டும். வில்லிஸ் வண்டிக்கு எம்.பி., ஃபோர்டு வண்டிக்கு ஜி.பி.டபிள்யூ. என்று பெயர். 1941 முதல் 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன.

வீட்டில் ரெஸ்டோர் செய்ய இதைவிட வசதியான ராணுவ டிரக் கிடையாது. நீளம் சுமார் 3.35 மீட்டர், எடை சுமார் 1,100 கிலோ. சாதாரண கார் பார்க்கிங்கில் அடங்கிடும். 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், 60 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். எலெக்ட்ரானிக்ஸ் எதுவுமே இல்லை.

நிஜமா, நகலா?

இந்தியாவில் மகிந்திரா பல பத்தாண்டுகள் ஜீப் தயாரித்ததால், அந்த சேஸிஸில் ‘லோ பானட்’ பாடி மாட்டி ‘ஒரிஜினல் வில்லிஸ்’னு விற்கப்படும் வண்டிகளும் உண்டு. பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க:

* முன் கிரில்லில் போர்க்கால வண்டிக்கு 9 துளை. பின்னால் வந்த சிவிலியன் ஜீப்புக்கு 7 துளை.
* ஹெட்லைட்டைத் திருப்பிப் பாருங்க. ராத்திரியில் ரிப்பேர் பார்க்க, இன்ஜின் பக்கமே வெளிச்சம் அடிக்கிற மாதிரி அது உள்பக்கமா மடங்கும்.
* ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், பட்டையாக இருந்தால் ஃபோர்டு.
* ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டில்கூட, ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்தைப் பொறித்தது.

கிரில்லையும் ஹெட்லைட்டையும் யாரும் மாற்றிவிடலாம். சேஸிஸை மாற்றுவது கஷ்டம். அதனால் கடைசித் தீர்ப்பை சேஸிஸிடம் கேளுங்க.

பேப்பர் இல்லையா? கை வைக்காதீங்க

சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புக்கில் உள்ள நம்பரும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா, எவ்வளவு மலிவா கிடைச்சாலும் அது இரும்பு விலைக்குத்தான் சமம். ஆறு மாச உழைப்புக்கு அப்புறம் ரோட்டில் இறக்க முடியாத வண்டியை வெச்சுக்கிட்டு என்ன செய்ய?

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி ‘வின்டேஜ்’ பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் இரண்டு நிபந்தனைகள். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம்; தினமும் ஆபீஸ் போக முடியாது. அதனால டீசல் இன்ஜின் மாட்டலாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேசிடுங்க.

கழற்றும் முன் போட்டோ

உங்க போன்தான் முதல் டூல். ஒவ்வொரு வயரையும், பைப்பையும், வாஷரையும் கழற்றும் முன் மூன்று கோணத்தில் போட்டோ எடுங்க. கழற்றியதை ஜிப் பையில் போட்டு, பெயர் எழுதி, தேதி போடுங்க. ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான். பிரேக் வேலை முடியாம இன்ஜினைக் கழற்றக் கூடாது.

முதல்ல நிக்கணும்

இந்த ஜீப்பின் பிரேக், ஒரே சர்க்யூட். இன்றைய காரில் ஒரு பக்கம் லீக் ஆனாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும். இதில் நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர். எங்கே ஒரு சின்ன பைப் வெடித்தாலும் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக் மட்டும் தனி; அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஓடும் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். மலை இறக்கத்தில் அதை நம்ப முடியாது.

அதனால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்பு பைப் எல்லாமே புதுசு. ‘இது நல்லாத்தானே இருக்கு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரேக் ஆயிலுக்குப் பதில் இன்ஜின் ஆயில் ஊத்தினா ரப்பர் உப்பிப் பிரேக் பிடிச்சுக்கும். வேலை முடிந்ததும் பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாருங்க. மெதுவா கீழே இறங்கினா எங்கேயோ லீக். கடைசியா ஓர் அனுபவமுள்ள மெக்கானிக் பார்த்து ஓகே சொன்னால்தான் வண்டி நகரணும்.

சக்கரத்தில் கை வைக்கும்போது மூன்று எச்சரிக்கை:

* இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை தலைகீழ். வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும், இல்லைன்னா ஸ்டட் முறியும்.
* சில ஜீப்களில் ரிம் இரண்டு துண்டா, போல்ட் போட்டு இணைத்திருக்கும். டயரில் காத்து இருக்கும்போது அந்த போல்ட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும், ஆளையே கொல்லும். முதலில் காத்தை முழுசா இறக்குங்க.
* பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஏர் அடித்து ஊதாதீங்க. ஈரத்துணியால் துடைங்க, நல்ல மாஸ்க் போடுங்க.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைங்க.

இன்ஜினைத் தட்டி எழுப்பாதீங்க

வருஷக்கணக்கில் தூங்கிய இன்ஜினில் பேட்டரி மாட்டி செல்ஃப் அடிப்பது பெரிய தப்பு. பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிடுங்க. பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்க. ஸ்டார்ட் பண்ண ஹேண்டில் அடிக்கும்போது கட்டைவிரலை மத்த விரல்களோடு ஒரே பக்கம் வைங்க. இன்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் உடையும்.

பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கு. அதில் ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்காதீங்க. காலி டேங்க்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாம் கரைந்து ஒழுகும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்க.

வயரிங் 6 வோல்ட். அதே பவருக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். மெல்லிய வயர் போட்டா சூடாகும், லைட் மங்கும். தடித்த கேபிள், சுத்தமான எர்த். பாதிக் கோளாறு அதிலேயே தீரும்.

துரு ஒளிந்திருக்கும் இடம்

தரைத் தகடு பார்க்க நல்லா இருக்கலாம். அதற்கு அடியில் பலத்துக்காகப் பற்றவைத்த பட்டைகளுக்குள் அந்தக் காலத்தில் மரக்கட்டை வைத்தார்கள். அது தண்ணியைக் குடித்து, உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்க. உள்ளே போனால் டிங்கரிங் பட்டறையில் நல்ல தகடு பற்றவைக்கணும். மேலே பட்டி போட்டு மறைத்தால் இரண்டே மழைக்காலத்தில் வெளியே வந்திடும்.

உதிரி பாகங்களுக்கு சென்னை புதுப்பேட்டையையும் உங்க ஊர் காயலான் கடைகளையும் ஒருமுறை சுற்றுங்க. எதையும் வாங்கும் முன் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிடுங்க.

அந்தப் பச்சை பெயின்ட்?

இப்போ மனசு கஷ்டப்படும் விஷயம். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி, ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். தனியார் வண்டிக்கு அடித்தால் ரோட்டில் மறிப்பார்கள். அதனால் பெயின்ட் வாங்கும் முன் ஆர்.சி.-யில் என்ன நிறம்னு பாருங்க; மாற்றணும்னா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்க.

பச்சை இல்லைன்னா ராணுவ வண்டி இல்லைன்னு நினைக்காதீங்க. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையின் ஜீப்கள் மணல் நிறத்தில்தான் ஓடின. மணல் நிறம், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். உண்மையான சரித்திரம், சட்டச் சிக்கலும் இல்லை.

பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது தண்ணி விட்டுத் தேய்ங்க. அதில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

இதெல்லாம் முடிய ஒரு வருஷமும் ஆகலாம், மூணு வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் பார்க்க அழுக்கா, கலர் போனதா நிக்கட்டும், பரவாயில்லை. பெடலை மிதிச்சதும் நாலு சக்கரமும் ஒண்ணா பிடிச்சு நிக்குதே, அன்னைக்கே உங்க ஜீப் பாதி ரெடி.