ஊசியும் தட்டும் சேர்ந்து ஆடட்டும்

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். அவருடைய அப்பா சேர்த்து வைத்த எல்.பி. ரெக்கார்டுகள் நாற்பதுக்கு மேல் அவரிடம் இருக்கின்றன. மகன் ஆசையாகப் புது பிளேயர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், ‘ஊ’ என்று ஊளையிடுகிறதாம். சில சமயம் ஊசி எகிறிக் குதிக்கிறதாம். ஒவ்வொரு குதிக்கும் ரெக்கார்டில் ஒரு கீறல். போனால் அவற்றை இனி எங்கே தேடுவது? கடையில் பிளேயருக்கு அடியில் வைக்க நாலு ‘கால்’ காட்டியிருக்கிறார்கள். விலை, பிளேயர் விலையில் பாதி. “வாங்கிடலாமா சார்?” என்றார்.

எனக்கு உடனே எட்கர் வில்ச்சூர் ஞாபகம் வந்தது.

நம் தாத்தா காலத்துக் கிராமபோனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதன் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் ரெக்கார்டை அழுத்திக்கொண்டு போகும், எளிதில் குதிக்காது. 1948-இல் எல்.பி. வந்தது. பள்ளம் தலைமுடிப் பருமனுக்குச் சுருங்கியது. ஊசியின் அழுத்தமும் போகப் போகச் சில கிராமுக்கு இறங்கியது. 1958-இல் ஸ்டீரியோ ரெக்கார்டுகள் கடைக்கு வந்தபோது இன்னொரு சிக்கல். மோனோ ரெக்கார்டில் பள்ளம் பக்கவாட்டில்தான் நெளியும். ஸ்டீரியோவில் மேலும் கீழுமாகவும் நெளியும். மோட்டாரின் உறுமல், மேஜையின் நடுக்கம் எல்லாவற்றையும் ஊசி பாட்டு என்றே எடுத்துக்கொண்டது.

ஊளை எப்படி வருகிறது என்பது கல்யாண வீட்டு மைக் செட் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், பெரிதாகித் திரும்ப வரும். இங்கே மைக்குக்குப் பதில் ஊசி. காற்று வழியாகவும் மேஜை வழியாகவும் அதிர்வு அதற்குப் போய்ச் சேர்கிறது.

வில்ச்சூர் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், ஹென்றி க்ளாஸ் என்பவரோடு சேர்ந்து 1954-இல் அகூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியை ஆரம்பித்தவர். அதுவரை நல்ல அடிநாதம் வேண்டுமென்றால் பீரோ அளவுக்கு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். அவர் மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வைத்து, புத்தக அலமாரியில் அடங்கும் ஸ்பீக்கரில் அந்த நாதத்தைக் கொண்டுவந்தார். அதே அலமாரியில் பக்கத்திலேயே பிளேயரையும் வைத்தால் என்ன ஆகும்? அவருடைய ஸ்பீக்கரே இந்த ஊளையைப் பல வீடுகளில் பெரிதாக்கியிருக்கும் என்பது என் ஊகம்.

1961-இல் அவர் கம்பெனி ஒரு டர்ன்டேபிளைக் கொண்டுவந்தது. சுழலும் தட்டையும் ஊசி தாங்கும் கையையும் ‘டி’ வடிவ உலோகச் சட்டம் ஒன்றில் சேர்த்துப் பொருத்தி, அதை மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார். மோட்டார் வெளிச் சட்டத்தில். நடுவே ரப்பர் பெல்ட். ஆட்டத்தை முழுக்க நிறுத்த அவர் முயலவில்லை. ஆடினால் ஊசியும் ரெக்கார்டும் சேர்ந்தே ஆடட்டும், ஒன்றை விட்டு ஒன்று நகராமல் இருந்தால் போதும் என்று விட்டார். பெட்டியை மரச் சுத்தியலால் தட்டினாலும் பாட்டு நிற்காது என்று காட்டுவார்கள்.

ஒரு ரப்பர் பேண்டில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் பூட்டும் கூடவே வரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கையை விட அதிகமாகக் குதிக்கும். வேகமாக உதறினால் பூட்டு சும்மா நிற்கும். சூட்சுமம் இவ்வளவுதான். எடை ஏறியதும் ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் அமுங்கினால் அந்தக் குதிக்கும் வேகம் விநாடிக்கு 5 அதிர்வு. 1 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால் சுமார் 16. ஊசிக் கைக்கே 8 முதல் 12 வரை சொந்தமாக ஒரு ஆட்டம் உண்டு. கால்களின் ஆட்டமும் அதில் போய் விழுந்தால், காசு கொடுத்துத் தொல்லையை வாங்கினது போலத்தான். அதனால்தான் எடை பார்க்காமல் கால் வாங்கக் கூடாது. பாரம் போதாத ரப்பர் கல் மாதிரி நிற்கும். பாரம் அதிகமானால் நசுங்கிக் கல்லாகிவிடும். ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம் கனம் கூடுதல் என்பதால், நாலு காலும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு பக்கம் சாயும்.

சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் கம்பெனி 1965-இல் டி.டி. 150-ஐ இதே வழியில் செய்தது. எழுபதுகளில் கிளாஸ்கோவின் லின் கம்பெனியும் தொங்கும் சட்டத்தையே நம்பியது. ஆனால் பலகைத் தரை போட்ட வீடுகளில் நடந்தால் தரையே மெதுவாகத் துள்ளும். அந்த மெதுவான துள்ளலில் ஸ்பிரிங்கும் சேர்ந்துகொள்ளும். அதனால் அங்கே பிளேயரைச் சுவரில் அடித்த பலகைக்கு மாற்றினார்கள். ஜப்பானின் டெக்னிக்ஸ் 1972-இல் கொண்டுவந்த எஸ்.எல். 1200-இல் தொங்கும் சட்டமே இல்லை. கனமான அடிப்பாகம், அதற்கு ஏற்ற கால்கள். பாட்டு அதிரும் கிளப்புகளில் அதைத்தான் வைத்து ஓட்டினார்கள். சி.டி. பிளேயருக்கும் இப்படிக் கால் விற்கிறார்கள். அதில் பள்ளத்தில் ஓடும் ஊசியே இல்லை; எனக்கு அது வீண் செலவாகத்தான் படுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். 1967-இல் கம்பெனியை விற்ற வில்ச்சூர், பிறகு காது கேட்கும் கருவி ஆராய்ச்சியில் இறங்கினார். மெல்லிய ஒலியைக் கூட்டி, பெரிய ஒலியை அடக்கும் முறையை 1973-இல் வெளியிட்டார், காப்புரிமை கேட்கவில்லை. நம்மில் பலர் இன்று காதில் மாட்டியிருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

நண்பரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: “ஸ்பீக்கர் எங்கே இருக்கு?” அதே ஷோகேஸில், பிளேயருக்கு இரண்டு பக்கமும். நம் வீட்டு மொசைக் தரை துள்ளாது. ஷோகேஸ்தான் இரண்டையும் கட்டிப்போட்டிருக்கிறது. ஸ்பீக்கர்களை இரண்டு ஸ்டூலுக்கு மாற்றச் சொன்னேன். ஊளை நின்றுவிட்டது. ஊசி மட்டும் அவ்வப்போது குதித்தது. நேரில் போய்ப் பார்த்தேன். ஷோகேஸின் ஒரு கால் தரையில் படவே இல்லை. ஊசியின் அழுத்தமும் கம்பெனி சொன்னதற்குக் குறைவாக இருந்தது. அட்டையை மடித்து அடியில் வைத்தோம், அழுத்தத்தைச் சரிசெய்தோம். கால் வாங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்துக்கொண்டு, அப்பாவின் ரெக்கார்டு ஒன்றை ஒரு பக்கம் முழுக்கக் கேட்க வைத்தார்.